ஒரு நாள் ஹெட்மிஸ்ட்ரஸின் அட்டெண்டர்

செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் இருக்கும் அந்தத் தனியார் உயர்நிலைப் பள்ளியில் கரண்ட் மணி ஒன்று உண்டு. மாட்டிய வருஷமே கெட்டுப்போயிற்று. பள்ளியின் முதலாளியை எல்லாரும் கரஸ்பாண்டெண்ட் சார் என்பார்கள். அந்த மணியைச் சரி செய்ய அவருக்கு மனசு வரவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஓர் ஆள் இருக்கும்போது கரண்ட் எதற்கு? அந்த ஆள் அட்டெண்டர் சாம்ராஜ். வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவர் இரும்புக் கம்பியால் அடித்தால் மூன்றாவது மாடி வரை கேட்கும்.

சாம்ராஜின் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக செகந்திராபாத் வந்தவர். அப்பாவும் ரயில்வேதான். இவருக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கோ காண்ட்ராக்டில் மூட்டை தூக்கினார். காண்ட்ராக்ட் முடிந்தபோது முழங்கால் வலிதான் மிச்சம். பிறகு சர்ச்சில் யாரோ சொல்லி இந்த வேலை கிடைத்தது. மணி அடிக்க வேண்டும், சர்க்குலர் கொண்டுபோக வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் மண்ணைப் போட்டு அள்ள வேண்டும். சம்பளம் வெளியே சொல்லும்படி இல்லை. ஆனால் மகள் கரோலினுக்கு அங்கே ஃபீஸ் கிடையாது.

அந்த இலவசத்துக்கான விலையைக் கரோலின் வேறு விதத்தில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு வகுப்பில் பெயர் 'கண்ட்டா'. தெலுங்கில் மணி என்று அர்த்தம். அட்டெண்டன்ஸில் டீச்சர் அவள் பெயரைப் படித்தால் பின் பெஞ்சிலிருந்து யாராவது 'டங்' என்பார்கள். வகுப்பே சிரிக்கும். சாம்ராஜ் ஒவ்வொரு பீரியடுக்கும் மணி அடிக்கும்போது வகுப்பு மொத்தமும் அவள் பக்கம் திரும்பும். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, வராந்தாவில் அப்பா எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள்.

வீட்டில் ஒருநாள் சொல்லியும் விட்டாள். "டாடி, மெல்லகா கொட்டு, ப்ளீஸ்." மெதுவாக அடிக்கச் சொல்கிறாள்.

"மெதுவா அடிச்சா மேல்மாடிக்குக் கேக்காதேம்மா," என்றார் சாம்ராஜ்.

"நக்கோ டாடி, யாருக்கும் கேக்க வேணாம்," என்று அழுதாள்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது மகளை விட்டு அந்தப் பெயர் ஒழிய வேண்டும். அதற்குப் பிறகு அவர் முழங்கால் வலியோடு மண்டியிட்டு ஜெபித்ததெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

ஜெபம் கேட்கப்பட்டது போலத்தான் முதலில் தெரிந்தது. குழந்தைகள் தினத்தன்று அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் செல்ஃப் கவர்ன்மெண்ட் டே என்று ஒன்று நடத்துவார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்பின் கையில். பெண்கள் அம்மாவின் பட்டுப்புடவையிலும் பையன்கள் இன் பண்ணிய முழுக்கைச் சட்டையிலும் டீச்சர்களாகி, சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்தப் போவார்கள். ஒருவர் ஹெட்மிஸ்ட்ரஸ், ஒருவர் அட்டெண்டர். நிஜமான டீச்சர்களும் நிஜமான அட்டெண்டரும் நாற்காலியில் உட்கார்ந்து லட்டும் மிக்சரும் சாப்பிடலாம். சாயங்காலம் பரிசளிப்பு.

ஹெட்மிஸ்ட்ரஸை வகுப்பே கைதூக்கித் தேர்ந்தெடுக்கும். ஹர்ஷிதாதான் வருவாள் என்று கரோலின் உட்பட எல்லாரும் நினைத்திருந்தார்கள். முதல் ரேங்க், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அப்பா, வாயைத் திறந்தால் இங்கிலீஷ். அந்த ஹர்ஷிதாவே எழுந்து கரோலின் பெயரைச் சொன்னாள். அவள் கூட்டாளி கிரி இரண்டு கையையும் தூக்கினான். வகுப்பு முழுவதும் தூக்கியது. வகுப்பு டீச்சர் வேதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பெருந்தன்மை பாருங்கோ இந்தக் குழந்தைகளுக்கு," என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பெருந்தன்மையாம்! அத்தனை கையும் ஒரே நேரத்தில் மேலே போனால், ஏதோ முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறார்கள் என்று ஒரு டீச்சருக்குத் தெரிய வேண்டாமா?

வீட்டில் சாம்ராஜின் மனைவி வசந்தி தன் கல்யாணப் புடவையை எடுத்தாள். சாம்ராஜ் தானே அதற்கு இஸ்திரி போட்டார்.

"ஏட்டி வசந்தி, ஹெச்.எம். நாக்காலில உக்காரப் போறா நம்ம பிள்ள. எத்தன ஹெச்.எம்.முக்கு நான் டீ கொண்டு வச்சிருக்கேன்! இவளுக்கும் ஒரு தடவ வைக்கணும்போல இருக்கு."

"அன்னைக்கு உங்களுக்கு லீவுதான? பேசாம உக்காந்து லட்டு தின்னுங்க," என்றாள் வசந்தி.

வழக்கமாகத் தெலுங்கிலேயே பதில் சொல்லும் கரோலின், அன்றைக்குச் சந்தோஷத்தில் தமிழில் பேசினாள். "இனிமே கண்ட்டா சொல்ல மாட்டாங்க டாடி."

அந்த நாளும் வந்தது. அட்டெண்டர் வேஷம் கிரிக்கு. அவனோ கழுத்தில் விசிலோடு வந்து நின்றான். "அங்கிள், நான் பி.இ.டி. சார் ஆயிட்டேன். மணி அடிக்க ஆளே இல்ல," என்றான் தெலுங்கில். இதில் என்ன வினை இருக்கிறது என்று சாம்ராஜ் யோசிக்கவே இல்லை. மகளுக்கு டீ வைக்க வழி கிடைத்ததே என்று, தனக்காகப் போட்டிருந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த மனுஷன் செய்த தப்பு அவ்வளவுதான்.

ஹெச்.எம். அறைக்குள் கப்பும் சாசருமாகப் போனார். கரோலின் பெரிய நாற்காலியில், பட்டுப்புடவையில் இருந்தாள். "நமஸ்தே மேடம்," என்று குனிந்து டீயை வைத்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பள்ளிக்கூடத்துக்குள் மகள் தன்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

அடுத்த மணியை அடித்துவிட்டுத் திரும்பியதும் அவரை மறுபடி அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே டீச்சர் வேஷத்தில் வகுப்பில் பாதி நின்றது. போட்டோ எடுப்பதற்காக அன்றைக்கு மட்டும் செல்போனுக்கு அனுமதி. எல்லார் கையிலும் போன்.

"மேடம், கம்ப்ளெயிண்ட்," என்றாள் ஹர்ஷிதா. "அட்டெண்டர் மணியை லேட்டா அடிச்சான்."

'அடிச்சான்' என்றதும் கரோலினின் முகம் மாறியது. "வார்னிங் கொடுத்தாச்சு. எல்லாரும் கிளாசுக்குப் போங்க," என்றாள்.

"நாங்க லேட்டா வந்தா என்ன தண்டனை மேடம்? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அந்தப் பள்ளியில் லேட்டாக வந்தால் காதைப் பிடித்துக்கொண்டு உட்டக்-பைட்டக், நம்முடைய தோப்புக்கரணம். கிரி விசில் ஊதினான். "உட்டக்-பைட்டக்! உட்டக்-பைட்டக்!" என்று கூட்டம் கைதட்டியது.

கரோலின் அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் சிரித்த முகமாகவே நின்றுகொண்டிருந்தார். ஹர்ஷிதா நாற்காலியின் பக்கத்தில் குனிந்து அவள் காதில் சொன்னாள். "சொல்லிட்டா நீ எங்க ஆளு. சொல்லலைன்னா நாளைக்கும் நீ கண்ட்டாதான்."

கரோலின் டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு, "செவுலு பட்டுகோ," என்றாள். காதைப் பிடி என்கிறாள், தெலுங்கில், ஒருமையில். "இருபது."

இருபது என்று அவளை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அது அவளே போட்ட கணக்கு.

இது விளையாட்டுத்தானே என்று சாம்ராஜ் மகளின் முகத்தில் தேடினார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. காதைப் பிடித்தார், உட்கார்ந்தார், எழுந்தார். கிரி ஒவ்வொன்றுக்கும் விசில் ஊதினான். பாதியில் முழங்கால் மடங்க மறுத்தது. விழாமல் இருக்க மேஜை விளிம்பைப் பிடித்தார்.

"மேஜையைப் பிடிக்கக் கூடாது," என்றாள் கரோலின். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்காக அந்த வகுப்பு கைதட்டியது அதுதான் முதல் தடவை. பாவி மகள், அதில் அவள் முகம் மலர்ந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனசு ஒப்பவில்லை.

சத்தம் கேட்டு வேதா டீச்சர் வாசலுக்கு வந்தார். "என்ன இது அசிங்கம்?" என்று வாயெடுத்தார். பின்னாலேயே கரஸ்பாண்டெண்ட் சார் வந்து எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லா அட்மினிஸ்ட்ரேஷன் பண்றாளே!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். வேதா டீச்சரும் உடனே சிரித்துவிட்டார். சம்பளம் வாங்குகிறவர் அல்லவா? மீதியையும் போட்டு முடித்துவிட்டுத்தான் சாம்ராஜ் வெளியே வந்தார். அடுத்த பீரியடுக்கு நேரமாகியிருந்தது, நேரே போய் மணி அடித்தார்.

சாயங்காலம் சிறந்த நிர்வாகி ஷீல்ட் கரோலினுக்கு. மேடையில் ஷீல்டைத் தட்டில் வைத்து நீட்டுவது அட்டெண்டரின் வேலை. சாம்ராஜ் நீட்டினார். கரஸ்பாண்டெண்ட் சார் எடுத்துக் கொடுத்தார். தட்டைப் பிடித்திருந்த கையை அவள் பார்க்கவில்லை.

வீட்டில் வசந்தி பாயசம் வைத்திருந்தாள். கணவரின் வீங்கிய முழங்காலைப் பார்த்துப் பதறினாள். "படியில சறுக்கிட்டேன்," என்றார் சாம்ராஜ். எண்ணெய் தடவ உட்கார்ந்தார். எதிரில் கரோலின் அம்மாவின் போனில் மூழ்கியிருந்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவளை அன்றைக்குத்தான் சேர்த்திருந்தார்கள். சேர்ந்ததும் அவள் பார்த்த முதல் வீடியோ அப்பாவுடையது. எல்லாரும் கீழே சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். கரோலினும் ஒன்று போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை சாம்ராஜ் மணி அடித்தபோது பத்தாம் வகுப்பில் யாரும் கரோலின் பக்கம் திரும்பவில்லை. ஹர்ஷிதா தன் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்திருந்தாள். இடைவேளையில் இரண்டாம் வகுப்புப் பொடிசுகள் சாம்ராஜைச் சுற்றி நின்று, காதைப் பிடித்துக்கொண்டு குதித்தன. "உட்பைட் அங்கிள்! உட்பைட் அங்கிள்!" மேல்மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்த பத்தாம் வகுப்பும் அதையே கத்தியது. சாம்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். ஹர்ஷிதாவுக்கும் கிரிக்கும் நடுவில் கரோலின் நின்றிருந்தாள். அவளும் கத்திக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வசந்தி கேட்டாள். "பிள்ளைய இன்னும் அந்தப் பேரு சொல்லியா கூப்பிடுதாங்க?"

சாம்ராஜ் காலை நீட்டி முழங்காலை நீவிக்கொண்டார்.

"இல்லட்டி. இப்ப யாரும் சொல்லுறதில்ல. கர்த்தர் ஜெபத்தக் கேட்டுட்டாரு," என்றார்.