பொன்னாத்தாள் சுற்றிப் போகச் சொன்னாள்

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் கைத்தோல் உரிந்துபோனதால் வேலையை விட்டுவிட்டு, பல்லடம் தாண்டி உடுமலைப்பேட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான், பாதி ஊர்களை நடந்தே பார்த்திருக்கிறேன், சுடுகாட்டில்கூடப் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒன்றும் வந்து எழுப்பியதில்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் அப்படி எழுந்து போகலாம், தடுக்கமாட்டேன். ஆனால் இது நடந்தது.

பகல் மூன்று மணி இருக்கும். ஒரு ஊருக்குள் பிரிகிற வண்டித்தடத்தின் முனையில், வேப்பமரத்தடியில், ஒரு பெண் மண்குடத்தோடு நின்றாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. தண்ணீர் கேட்டேன். கிட்டே வராமல், ஒரு பனைமட்டையை வாய்க்கால் மாதிரி நீட்டிப் பிடித்து அதன் வழியாக என் கையில் ஊற்றினாள். என்னை என்ன சாதியென்று நினைத்தாளோ என்று எண்ணிக்கொண்டு குடித்தேன், அதெல்லாம் எனக்குப் பழகிப்போனதுதான்.

"ஏனுங்க, ஊருக்குள்ள போகாதீங்க, நோவு கெடக்குது. இந்த இட்டேரியிலயே சுத்திப் போயிருங்க" என்று கள்ளிவேலிக்கு நடுவே போகிற தடத்தைக் காட்டினாள்.

"அதுல போனா ஆராச்சும் வெரட்டமாட்டாங்களா?"

"கேட்டா, வேலப்பன் மக பொன்னாத்தா சுத்திப் போகச் சொன்னான்னு சொல்லுங்க."

அந்தத் தடம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய் முடிந்தது. வாழைமரம் கட்டி, மைக் செட் வைத்து, ஏதோ விழா. சுண்டல் கொடுத்தார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். பழைய ஏடுகளைப் படித்து ஊர் வரலாறு எழுதிய மாணவர்களைப் பாராட்டுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். முதல் பரிசு சரஸ்வதி என்ற பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு, தறிக்காரர் வீட்டு மகள். ஒரு வருடம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் ஊரின் பிறப்பு இறப்புப் பதிவேட்டையும் உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

அவள் மைக்கில் தன் கட்டுரையைப் படித்தாள். பாட்டன் பூட்டன் காலத்தில் பிளேக் வந்த வருடம் ஊரே வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக் குடிசைகளுக்குப் போய்விட்டது. ஒரே ஒரு பெண் மட்டும் ஊர் முனையில் நின்று, வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றி, உள்ளே விடாமல் சுற்றி அனுப்பியிருக்கிறாள். கடைசியில் அவளும் செத்துப்போனாள் என்று இறப்புப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்திருக்கிறதாம். வேலப்பன் மகள், வயது இருபது. பேர் இருந்த இடத்தையும் கடைசிப் பத்தியிலிருந்ததையும் கரையான் அரித்துவிட்டது.

என் கையிலிருந்த சுண்டல் பொட்டலம் மடியில் விழுந்தது.

மேடையிலிருந்த ஊர்த் தலைவர் குறுக்கிட்டார். "பேரே இல்லாத பொம்பளைய எப்படிக் கண்ணு நம்பறது? அந்தப் பக்கத்தை உட்டுட்டு மத்ததைப் படி, கப்பை வாங்கிக்க."

"உட்டுட்டுப் படிக்கமாட்டேனுங்க. அவங்க இல்லாட்டி இந்தக் கப்பு எனக்கு வேண்டாமுங்க."

"அப்ப என்ர பையனுக்குக் குடுத்துருங்க!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் எழுந்து நின்றேன். "அவங்க பேரு பொன்னாத்தாளுங்க. இப்பத்தான் எனக்குத் தண்ணி ஊத்துனாங்க."

"வெயில்ல நடந்து வந்தாராட்ட இருக்குது, இன்னொரு டம்ளர் தண்ணி குடுங்கப்பா" என்றார் தலைவர்.

சரஸ்வதி சிரிக்கவில்லை. தன் நோட்டைத் திறந்து தலைமை ஆசிரியரிடம் காட்டினாள். கரையானுக்குத் தப்பிய ஒரே எழுத்தை அவள் அதில் பார்த்து வரைந்திருந்தாள், யாரிடமும் சொன்னதில்லையாம். 'பொ'. தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அவள் மறுபடி மைக்குக்கு வந்தாள். "இந்தப் பேரை நான் ஏட்டுல பார்க்கலீங்க, இன்னைக்குக் காதுல கேட்டதுதானுங்க. அப்படியே சொல்லித்தான் படிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பொன்னாத்தாள் என்று படித்தாள். கூட்டம் கை தட்டியது. கப்பைத் தலைவரே எடுத்துக் கொடுத்தார். எனக்கும் நான் ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் தலைமை ஆசிரியரும் நானும் ஊர் முனைக்குப் போனோம். வேப்பமரம் இருந்தது. ஆளில்லை. அவர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு போட்டு, ஒரு கடிதமும் கொடுத்தார். அந்தப் பதிவேட்டுக்குத் தாலுகா ஆபீசில் ஒரு நகல் உண்டாம், தேடத்தான் ஆளில்லையாம், ஏட்டு அறையில் தூசி தட்டும் வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதுமாம்.

மறுநாள் காலையில் அந்த வேலையில் சேர்ந்தேன். முதலில் பிளேக் வருடத்து ஏட்டுக்கட்டைத்தான் தேடி அவிழ்த்தேன். நம்பினால் நம்புங்கள், பேர் முழுசாக இருந்தது. பொன்னாத்தாள், தகப்பன் வேலப்பன். உடனே ஒரு கார்டு வாங்கிச் சரஸ்வதிக்கு எழுதினேன்.

பதிவேட்டின் கடைசிப் பத்தியில் இருந்ததை மட்டும் அவளுக்கு எழுதவில்லை. அது இறப்பைத் தெரிவித்தவர் யார் என்று குறிக்கிற இடம். மற்றவர்களுக்கெல்லாம் சொந்தக்காரர் பேர் இருந்தது. பொன்னாத்தாளுக்கு நேராக, 'தண்ணீர் கேட்டு வந்த வழிப்போக்கர்' என்று மட்டும் இருந்தது.

கட்டை மடித்துக் கட்டினேன். அடுத்த கட்டை எடுத்துத் தூசி தட்டினேன்.