கறுப்புத் திரையிடம் விடைபெறுதல்

கணினி கற்றுக்கொடுப்பது என்பது, திரைக்கும் மனிதருக்கும் நடுவில் நின்று இருவருக்காகவும் மன்னிப்புக் கேட்கும் தொழில். பாஸ்வேர்டை மறந்து நெற்றியில் தட்டிக்கொள்ளும் அன்பர்களுக்கு இது புரியும். தச்சநல்லூர்ப் பயிற்சி மையமொன்றில் என் வகுப்பு. பிரௌசரைத் திறந்தால் ஒரு கறுப்புத் திரை வரும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய், கட்டளைகளைத் தட்ட வேண்டும்.

மறைக்கிறது

கடையை மகனிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்த அண்ணாச்சி ஒருவர், பாஸ்வேர்டைத் தட்டத் தட்ட ஓர் எழுத்தும் தெரியவில்லை என்று விசைப்பலகையைக் கவிழ்த்து உதறினார். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடாமல் திரை மறைக்கிறது என்றேன். இரு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"பக்கத்துல ஒருத்தரும் இல்லயே தாயி. அப்பம் என்னையல்லா சந்தேகப்படுதான்!"

காத்திருக்கிறது

இசக்கியம்மாள் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கணவர் தவறிய பிறகு மகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். தேர்வில் தேறினால் ஒரு மருத்துவமனையின் கணினி அறையில் வேலை. தனி வீடு பார்க்கலாம்.

முதல் நாள் உள்ளே போனவள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திரையில் சின்னக் கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் கட்டளைக்காக அது காத்திருந்தது. அதற்காக இவள் காத்திருந்தாள். ஏன் சும்மா இருக்கிறாய் என்றேன்.

"அது என்னமோ யோசிக்கில்லா டீச்சர். நடுவுல பேசுனா மரியாதையா இருக்குமா?"

உள்ளே இருக்கிறது யார்

தேர்வன்று ஒரு கணக்கில் ஒருவர்தான் இருக்கலாம் என்று புதிதாக ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். இசக்கி பெயரைத் தட்டினாள். 'இவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்' என்றது திரை. நேற்றைய இசக்கி உள்ளே உட்கார்ந்துகொண்டு, இன்றைய இசக்கியை வாசலில் நிறுத்தியிருந்தாள். எல்லோரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். வெளியேறும் கட்டளையை நேற்றுத் தட்டவில்லையா என்றேன்.

"போறேன்னு மொட்டையா எப்படிச் சொல்ல டீச்சர்? வெளக்கு வைக்கிற நேரம் வேற. அதான் திரைய மட்டும் பைய மூடி வச்சிட்டு வந்துட்டேன்."

போயிட்டு வாரேன்

என் கணக்கின் வழியாகப் பழைய இசக்கியை வெளியேற்றி, புதியவளை உட்கார வைத்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்தபோதே, 'போயிட்டுவாரேன்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினாலும் வெளியேறும்படி கணினியில் ஒரு வரி சேர்த்தேன்.

தேறிவிட்டாள். வேலையில் சேருமுன் ஒரு நாள் வந்து, என் எதிரிலேயே அதைத் தட்டினாள். திரை வெறுமையாகி, மறுகணமே பழையபடி பெயர் கேட்டது. இசக்கி சிரித்தாள்.

"பாத்தீகளா டீச்சர், வாரேன்னு சொன்னதும் வாசலத் தொறந்து வச்சிட்டு நிக்கி!"

இப்போதெல்லாம் காலையில் 'யார் நீ' என்று என்னை விசாரிக்க அந்தத் திரை ஒன்றுதான் இருக்கிறது. நேற்று வந்த அதே கிழவிதான் என்றால், அதுவும் நம்பாமல் பாஸ்வேர்டு கேட்கிறது.