வேலி தாண்டிய கவண்கல்

ஐரோப்பாவில் ஓர் ஆகாயவிமானம் அண்டை நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டதால் இருபுறமும் படை குவிவதாகக் கணவர் பத்திரிகையில் வாசித்துச் சொன்னார். மடியிலிருந்த மகளை இறுக்கிக்கொண்டேன்.

எட்டு வயதில் சோளக்காட்டுப் பரண்மேல் நின்று கிளி விரட்டினேன். என் கவண்கல் வேலி தாண்டி, பெரியப்பாவின் காளையுடைய கண்ணைக் கெடுத்தது.

“ஏண்டா, வேணும்னே அடிச்சுப்போட்டயா?” என்று அவர் அரிவாளோடு அப்பாவிடம் வந்தார்.

“எங்க கல்லே இல்லீங்க. வேலி தாண்டுனா வெட்டிப்போடுவனுங்க!” என்றார் அப்பா.

நான் கவணைப் பாவாடைக்குள் ஒளித்தேன். பெரியப்பா இறந்தபோதுகூட அப்பா போகவில்லை. கை தவறியதென்று அன்றே சொல்லியிருக்கலாமோ? சொன்னாலும் பெரியப்பா நம்பியிருப்பாரா?

“விமானம் ஓட்டுனவன் வழி தவறிப் போயிட்டானாமா,” என்று கணவர் சிரித்தார். “இதை யாரு நம்புவாங்க, அம்மணி?”

“நான் நம்பறனுங்க,” என்றேன்.