சுவர் முழுக்க ஒரு வணக்கம்

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில், தெற்குக் கொல்கத்தாவில் ஒரு மின்சாதனக் கடைக்குள் நடந்தது இது. தெருவெல்லாம் மூங்கில் கட்டிப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. மழை விட்டபாடில்லை. நான் என் கணவரின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, தள்ளுபடி விலையில் ஒரு பெரிய டிவி வாங்கப் போனேன்.

இடது கை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. வலது கையை அந்த வருடக் கோடையில் வந்த பக்கவாதம் எடுத்துக்கொண்டுவிட்டது. கூடவே பெங்காலியை, இந்தியை, ஆங்கிலத்தை. கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. லாரிக்காரர்களை இந்தியில் திட்டி, அதிகாரிகளிடம் ஆங்கிலத்தில் குழைந்து, டீக்கடையில் பெங்காலியில் அரசியல் அளந்த நாக்கு. மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்த பிறகு அது திரும்பி வந்தபோது தமிழ் மட்டும்தான் வந்தது. அதுவும் சின்ன வயதில் திருநெல்வேலியில் பேசிய தமிழ். மற்ற மொழிகள் எந்தக் கப்பலில் ஏறிப் போயினவோ.

லேக் கார்டன்ஸில் எங்கள் வீடு. நான் ஆபீஸ் போனபின் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவை மாசி என்று கூப்பிடுவோம், பெங்காலிக்காரர். தங்கமான மனுஷி, ஓயாமல் பேசுவார். என் கணவருக்கு அதெல்லாம் வெளியே பெய்யும் மழைச் சத்தம். வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தமிழ் தடுக்கும். போனில் அப்பாவை 'பாபா' என்று ஆரம்பித்துப் பெங்காலியில் கொஞ்சுவாள். இவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, யாரோ நம்பர் மாற்றிக் கூப்பிட்டது போல, போனை என்னிடம் நீட்டிவிடுவார்.

அதனால்தான் டிவி. மனித முகம் மனித முகத்தின் அளவிலாவது தெரிகிற டிவி. பகல் முழுக்கத் தமிழ் காதில் விழுந்தால் அவருக்குள் பேச்சு ஊறும் என்று நம்பினேன். சாந்தினி மார்க்கெட்டில் விசாரித்தேன், பக்கத்து வீட்டு பௌதி, அதாவது அண்ணி, சொன்ன கடையில் விசாரித்தேன், டிராமில் நின்றுகொண்டே போனில் விலை பார்த்தேன். மருத்துவச் செலவு போக மிஞ்சியதற்கு, பூஜைத் தள்ளுபடி இல்லாமல் அந்த அளவு கட்டுப்படியாகாது. அன்று மாசி லீவு. அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே நீலக் கடல், ஒரே மஞ்சள் மீன். விற்பனையாளர் நடுவயதுக்காரர். என்னை பௌதி பௌதி என்று அழைத்து, இந்தத் திரையில் கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்று விளக்கினார். கறுப்பு கிடக்கட்டும், தமிழ் வருமா என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தன் போனில் எதையோ தேடி அமுக்கினார். மீன் மறைந்தது. அத்தனை திரையிலும் பட்டுப் புடவை கட்டிய ஒரே பெண், ஒரே நேரத்தில் நிமிர்ந்து, "வணக்கம்" என்றார்.

என் கணவரின் கை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டது. மெல்ல எழுந்து நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. இன்னொரு கைக்காகக் காத்தது. அது வரவில்லை.

"வணக்கம்மா. இருக்கேன்," என்றார். "நீங்க எந்த ஊரு?"

அந்தப் பெண் செய்தி வாசித்தார். அவர் மூச்சு விடும் இடங்களில் என் கணவர் பதில் சொன்னார், தலையாட்டினார், எதற்கோ 'அடப்பாவமே' என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தோளைத் தொட்டேன். அவர் திரும்பவில்லை. பின்னால் நின்ற ஒரு குடும்பம் கிரிக்கெட் போட்டுக் காட்டச் சொல்லி அவசரப்படுத்தியது. விற்பனையாளர் அவர்களிடம் மெதுவாக, "ஏக்டு தாடான் தாதா, உனி கொதா போல்சேன்" என்றார். கொஞ்சம் பொறுங்கள், அவர் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு சொல்கூடப் புரியாத மனிதர் அதைச் சொன்னார். ஃப்ரிட்ஜுகளுக்கும் வாஷிங் மெஷின்களுக்கும் நடுவே அந்தக் கடை, ஒரு திருநெல்வேலிக்காரர் பேசி முடிக்கட்டும் என்று நின்றது.

அப்போதுதான் அவர் குரலைத் தாழ்த்தி, சுவரிலிருந்த அந்தப் பெண்ணிடம் ரகசியம் போலச் சொன்னார்:

"இங்க நம்ம பேச்சு பேச ஆளே கெடையாது, பாத்துக்கிடுங்க. ஒருத்தி இருக்கா. மாத்திரை போட்டாச்சா, கைய நீட்டுங்க, வாயத் தொறங்கன்னு அதத்தான் சொல்லுவா. பாவம், அவளுக்கும் பேச்சு வத்திப்போச்சு."

நான் அவர் உடம்புச் சூடு தெரிகிற தூரத்தில் நின்றிருந்தேன். புகார் சொல்லும் குரலாக இருந்தால் தாங்கியிருப்பேன். அது எதிர்வீட்டுக்காரிக்காக இரங்கும் குரல்.

இந்த டிவிதான் வேண்டும் என்றேன், அவர் நின்று பேசிய இதேதான். பிரிக்காத பெட்டி உள்ளே இருக்கிறது பௌதி, இது நாள் பூராவும் ஓடிய காட்சிப் பொருள், ஓரத்தில் கீறல்கூட இருக்கிறது என்றார் விற்பனையாளர். நான் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், மேனேஜரிடம் போய் நான் கேட்காமலே விலையைக் குறைத்துக்கொண்டு வந்தார். என் வாழ்நாளின் நல்ல பேரம் அது. பேரமே பேசவில்லை.

வீட்டுச் சுவரில் ஏறியதும் அது வெறும் டிவியாகிவிட்டது. அதே பெண் வந்தார், அதே வணக்கம் சொன்னார். என் கணவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடையில் ஒரு ஊரே அவரை நோக்கித் திரும்பியது. இங்கே ஒருத்தி, அதுவும் கண்ணாடிக்குப் பின்னால். கீறலைத் தடவிப் பார்த்தபடி நின்றேன்.

பூஜை முடிந்து ஒரு சாயங்காலம், மழையில் கரண்ட் போய்த் திரை அணைந்தது. என்ன தோன்றியதோ, அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "வணக்கம். தலைப்புச் செய்திகள்" என்றேன். மாசி இன்று மீன் குழம்பில் உப்பு மறந்தார். ரயில்வே கேட்டில் மாட்டிய ஆட்டோக்காரர் தன் கல்யாணக் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். சொல்லச் சொல்ல எனக்கே வந்தது. எத்தனை மாதம் வராத பேச்சு. அவர் திரும்பினார். முகத்தில் உயிரிருந்த பாதி சிரித்தது.

"நீங்க எந்த ஊரும்மா?" என்றார்.

கேலியா மறதியா, இன்றுவரை தெரியாது. "உங்களுக்கு வாக்கப்பட்டு வந்த ஊருதான் என் ஊரு," என்றேன்.

அதன் பிறகு ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் செய்தி வாசித்தேன். இன்றும் வாசிக்கிறேன். ஆனால் தமிழும் இப்போது அவரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. ஊர் எது என்று கேட்பதில்லை. 'இருக்கேன்' என்பதும் நின்றுவிட்டது. வணக்கம் என்றால் அந்த இடது கை மட்டும் எழுந்து நெஞ்சுக்கு நேரே வந்து நின்று காத்திருக்கும். நான் நாற்காலியை விட்டு எழுந்துபோய் என் கையை அதற்கு எதிரே வைப்பேன்.

நல்ல விலையில் ஒரு பெரிய திரை கிடைத்தால் வீட்டுக்குப் பேச்சு வந்துவிடும் என்று அன்று கடை கடையாக அலைந்தேன். ஒரு வணக்கம் முழுசாவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை இன்றும் சாயங்காலந்தோறும் அந்த உள்ளங்கையின் சூட்டில்தான் தெரிந்துகொள்கிறேன்.