மூன்று முறையும் ஒரே அளவு

அளவுக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என் வேலை. ஒரு தடவை அளந்ததை நான் நம்பவே மாட்டேன். குழம்புக்கு உப்புப் பார்ப்பதென்றாலும் இரண்டு தரம் பார்ப்பேன். தம்பி அதற்காகக் கேலி செய்யாத நாளில்லை.

எனக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தால் பால்குடம் எடுப்பதாக அவன் தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டான். நான் பிழைத்து வந்தேன். அவனுக்கோ இனிப்புநீர், சர்க்கரை வியாதி. காலையில் ரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள், ஏழுக்குள் இருந்தால் நல்லது, பதினைந்தைத் தாண்டினால் மலையேற விடாதீர்கள் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

தைப்பூசத்தன்று காலை கூடத்தில் பஞ்சாமிர்தம் பிசைந்துகொண்டிருந்தான். கூப்பிட்டதும் ஈரத்துணியில் துடைத்துவிட்டு வலது கையை நீட்டினான். விரலில் குத்தினேன். பதினெட்டு. நம்பாமல் அடுத்த விரலில் குத்தினேன், பதினெட்டரை. மூன்றாவதும் பதினெட்டை ஒட்டியே வந்தது. மூன்றும் ஒத்துப்போனதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட. போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கட்டியிருந்த மஞ்சள் வேட்டியைக் குனிந்து பார்த்தான்.

"நீ மெஷின் பாக்குற ஆளுலா, அக்கா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

விரதத்தை முடித்துச் சாப்பிட்டான். பிற்பகலில், கை கழுவி வந்தவனை மறுபடி சோதித்தேன். சாப்பிட்ட பிறகும் எட்டைத் தாண்டவில்லை. மெஷின்மேல் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் மேசையிலிருந்த பஞ்சாமிர்தக் கிண்ணம் கண்ணில் பட்டது. தேனும் பழமும் ஊறிய விரல்கள். மூன்று தடவையும் நான் அளந்தது அந்தத் தேனை. ஒரே பக்கம் சாய்கிற பிழை, எத்தனை தரம் அளந்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது என்று வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இடது கை சுத்தமாகத்தான் இருந்தது. நல்ல நாளில் அதை நீட்ட அவனுக்கு மனம் வரவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வருசம் ஏறிக்கொள்ளலாம் என்றான். அடுத்த பூசம் வருவதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. பால்குடத்தை நான் எடுக்கிறேன் என்றாலும் ஒப்பவில்லை, அது அவன் வேண்டுதலாம். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதும் தினமும் காலையில் நான்தான் சோதிக்கிறேன். அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கிறேன். வலது கை மடியிலேயே கிடக்கிறது. இடது கையை நீட்டுகிறான்.