கலவை இல்லாத கல்

மட்டக்கோல் என்று, சுவருக்கு மட்டம் பார்க்கிற கோலின் பேரைச் சொன்னால்தான் அவளைத் தெரியும். பேரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனே விழிப்பான். வாக்கப்பட்டுப் போன வீட்டில் மாமனார், பெரிய கொழுந்தன், சின்ன கொழுந்தன், நாத்தனார் புருஷன் என்று எல்லாரும் கொத்தனார்கள். இவள் செங்கல் சுமக்கத்தான் போனாள். மாமனார் காலை ஒடித்துக்கொண்டு படுத்த வருஷம் ஆள் போதாமல் கரண்டியைக் கையில் எடுத்தவள், அப்புறம் கீழே வைக்கவில்லை. புருஷன் பூச்சு வேலைக்காரன். அவள் கட்டுவாள், அவன் பூசுவான். சண்டை வந்தால் சுவரைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.

பிள்ளை என்று அவளுக்கு இருந்தது ஒரு தம்பிதான். அம்மா போகும்போது அவன் நடைபழகிக்கொண்டிருந்தான். இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள். இப்போது அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தேர்தலில் நிற்கிற ஒருவருக்கு ஏஜென்டாக, கழுத்தில் அட்டை தொங்க அலைகிறான்.

நாட்டுக்கே தேர்தல் வந்திருந்தது. ஓட்டு எண்ணுகிற நாள்வரை ஓட்டுப்பெட்டிகளைப் பூட்டி வைக்க ஒரு கல்லூரியின் பெரிய கூடத்தை எடுத்திருந்தார்கள். ஒரு வாசல் தவிர மற்ற வாசல்களையும் உயரத்தில் இருக்கிற ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். காண்ட்ராக்டர் அந்த வேலையை மட்டக்கோலிடம் கொடுத்தார்.

உயரத்தில் கட்டச் சாரம் வேண்டும். சாரக்கம்பின் ஒரு முனையைச் சுவரில் செருக, ஒரு கல் அளவு ஓட்டை விட்டுக் கட்டுவது கொத்தனார் வழக்கம். கம்பை உருவியதும் அந்த ஓட்டையில் கல்லைச் சும்மா செருகி வைப்பார்கள். பூசுவதற்கு முன்னால் அதை எடுத்து, கலவை போட்டு இறுக்க வேண்டும். செருகின கல்லைக் கண்டால் அடையாளம் தெரியும் என்பதால் யாரும் மறப்பதில்லை.

அன்றைக்குக் காண்ட்ராக்டர் வாலில் தீப்பிடித்த மாதிரி ஓடினார். "நாளைக்குக் காலைல எல்லாக் கட்சி ஏஜென்டும் பார்க்க வர்றாங்க. மதியம் சீல். முடி, முடி!" மட்டக்கோல் தண்ணீர் குடிக்க இறங்கின நேரத்தில் புருஷன் கடைசி ஜன்னலைப் பூசி முடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து கரண்டியைக் கழுவும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"ஏங்க, கடைசி ஜன்னல்ல செருகியிருந்த கல்லை எடுத்துக் கலவை போட்டீங்களா?"

"நீ போட்டுட்டேன்னு நினைச்சேன். கல்லு சிக்குன்னு இருந்துச்சே, மேல பூசிட்டேன்."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியின் கையும் நின்றது.

"அப்ப அந்தக் கல்லைத் தள்ளினா?" என்றான்.

"விழும். ஒண்ணு விழுந்தா பல்லு விழுந்த வாய் மாதிரிதான். ஈரச் சுவரு, மத்ததையும் கையால பிடுங்கிடலாம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தம்பி அரைத் தட்டோடு எழுந்து கை கழுவினான். "வேலை இருக்குக்கா" என்று போனவன் ராத்திரி வரவே இல்லை.

"அவன் போய் அவங்க தலைவர்கிட்ட சொல்லிடுவானா?" என்றாள்.

"உன் தம்பி. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

தெரியும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இடுப்பில் சுமந்த பிள்ளைதான். அந்த அட்டை கழுத்தில் ஏறினதிலிருந்து அவன் பேச்சு வேறு ஒருத்தன் பேச்சாக இருக்கிறது.

விடிந்ததும் கலவையை வாளியில் போட்டுக்கொண்டு போனாள். யாரும் வருவதற்குள் அடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. வாசலில் காவல்காரர் கம்பை நீட்டினார்.

"கரண்டியும் கையுமா எங்கம்மா?"

"ஒரு கல்லு பாக்கி இருக்குங்க."

"வேலை முடிஞ்சதுன்னு நேத்தே கையெழுத்து ஆயிடுச்சு. இனிமே தனியா ஒரு ஆளு உள்ள போனா என் வேலை போயிடும். வாளியைத் தூரமா வை, தாயி. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றாலே திருட்டு என்பார்கள். அதுவும் ஏஜென்டின் அக்காள்.

காண்ட்ராக்டர் வந்தார். ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னாள். அவர் முகம் சுண்ணாம்பானது.

"வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ. யாருக்குத் தெரியும்? வாயைத் தொறந்தே, ஜென்மத்துக்கும் என்கிட்ட ஒரு செங்கல்லு கிடையாது உனக்கு."

ஏஜென்டுகள் கூட்டமாக வந்தார்கள். தம்பியும் இருந்தான், தேர்தலில் நிற்கிற அவனுடைய தலைவருக்குப் பின்னால். அக்காளைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான். சொல்லிவிட்டானா? இல்லாவிட்டால் ஏன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான்?

தேர்தல் அதிகாரி அம்மா கூட்டத்தை உள்ளே கூட்டிப்போய்ச் சுவர் சுவராகக் காட்டினார்; மட்டக்கோலும் பின்னாலேயே போனாள். எதிர்க்கட்சி ஏஜென்டான கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, கோட்டை மாதிரி இருக்கு" என்றார். உயர ஜன்னலுக்கு அவர் கை எட்டவில்லை. எல்லாரும் வாசலை நோக்கித் திரும்பினார்கள்.

"அம்மா," என்றாள் மட்டக்கோல். "கடைசி ஜன்னல்ல ஒரு கல்லு கலவை இல்லாம இருக்கு. எங்க தப்புதான். ஏணி குடுங்க, காட்டுறேன்."

எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அவள் ஏணியில் ஏறி, கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி, ஓசை மாறின இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். கல் வெளியே போய் விழுந்தது. ஓட்டை வழியாக வெயில் கையகலம் உள்ளே வந்தது.

"இது மறந்து விட்ட கல்லா, விடச் சொன்ன கல்லா?" என்றார் கண்ணாடிக்காரர். "இந்தம்மா யாரோட அக்கான்னு கேளுங்க!"

அதிகாரி அம்மா ஏணியைப் பார்த்தார். "இது வேற யாருக்குத் தெரியும்? உண்மையைச் சொல்லணும்."

"என் வீட்டுக்காரருக்கு. காண்ட்ராக்டருக்குக் காலைல சொன்னேன்." அதோடு நிறுத்திக்கொண்டாள்; தம்பியைச் சொல்லவில்லை.

"எனக்கும் தெரியும்மா," என்றான் தம்பி, கூட்டத்திலிருந்து. "நேத்து சாப்பிடும்போது கேட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லலையா? இதை நம்பணுமா?" என்று கண்ணாடிக்காரர் ஆரம்பிக்கும்போதே தம்பியின் தலைவர் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"அடப் பாவி! நேத்தே தெரியுமா உனக்கு? ராத்திரி பூரா என் பக்கத்திலதானே இருந்தே! எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியேடா!"

சொல்லி முடித்த பிறகுதான் தலைவருக்குத் தன் வாய் என்ன செய்தது என்று புரிந்தது. காவல்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் அதிகாரி அம்மாவே சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்கு வேற சாட்சி வேண்டாம்மா. பையன் சொல்லல," என்றார்.

தலைவர் தம்பியின் கழுத்திலிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். காண்ட்ராக்டர் மட்டக்கோல் பக்கம் திரும்பவே இல்லை; அதற்குப் பிறகும் அவர் திரும்பியதில்லை. அந்த ஜன்னல் பூராவையும் இடித்து, எல்லார் கண்முன்னாலும் மறுபடி கட்ட வேண்டும், அதுவரை யாரும் நகரக்கூடாது என்று உத்தரவானது. கட்சிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையாக உட்கார்ந்தார்கள்.

தம்பி ஏணிக்கு அடியில் வந்து நின்றான்.

"ராத்திரி ஏன்டா வீட்டுக்கு வரல?" என்று மேலிருந்து கேட்டாள்.

"வந்தா நீ கேப்பே. சொல்லலன்னா நம்ப மாட்டே."

அவன் சொன்னது நிஜம்தான், நம்பியிருக்க மாட்டாள். பழைய கலவையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"மாமா வர நேரமாகும். கலவை நான் குழைக்கவா?"

"சட்டையைக் கழட்டிட்டுக் குழை," என்றாள். "வெள்ளைச் சட்டை. துவைக்கிறவ நான்தான்."