கரம் கட்டினது யார்?

சகோதரிகளே, இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. என் வீட்டுக்காரரிடமிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்தபோதுகூட நான் அழவில்லை. குழித்துறைப் பக்கம் இருக்கும் என் அம்மாவின் தென்னை விளையும், அந்தத் தோப்பில் நானும் மகளும் குடியிருக்கும் வீடும் தனக்குத்தான் என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்ட அன்றுதான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. அவள் கண்மூடியதும் அந்தப் பதினைந்து சென்ட் எனக்கு வந்தது. பத்திரம் பீரோவில் இருந்தது. வீட்டுக்காரர் எங்களை விட்டுப் போன அன்று அதுவும் போய்விட்டது. நகல் எடுக்கலாம் என்றால் நம்பரும் தெரியாது, வருஷமும் தெரியாது.

நம் பக்கத்தில் நிலவரியைக் கரம் என்போமே, அதை வருஷா வருஷம் அவர்தான் கட்டினார். "நீ வெயில்ல அலையாண்டாம்" என்பார். அதைப் பாசம் என்று நம்பினேன், மண்டு. இப்போது அதையே சாட்சியாக்கினார். "மாமியா எனக்கு வாயால தந்த தென்ன வெள. கரம் கட்டினது ஆரு? நானில்லியா?"

ஜெபக்கூட்டத்தில் மூத்த அக்கா ஒருத்தி என் தலையில் கைவைத்து ஜெபித்தாள். பிறகு சொன்னாள்: "ஏட்டி, பாதியக் குடுத்து ஒத்துப்போ. கோர்ட்டுக்குப் போனா சபைக்கில்லியா நாணக்கேடு?"

"ஒங்களுக்க வெளையில பாதி கேட்டா குடுப்பியளா அக்கா?" என்றேன். அவள் பைபிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்ன சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. மன்னிக்கத்தான் பார்க்கிறேன்.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். நீட்டி ஜெபிக்கத் தெம்பில்லை. "ஆண்டவரே, உம்முடைய கரத்தைக் காட்டும்." அவ்வளவுதான் சொன்னேன்.

விசாரணை அன்று வீட்டுக்காரர் ரசீதுக்கட்டைப் பெருமையாக எடுத்து நீட்டினார். என் வக்கீலம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இது உங்க அம்மைக்க பேருதானே?" என்று கேட்டார். ஆமா என்றேன்.

"எல்லாம் அவங்க பேர்லதான் கெடக்கு."

பட்டாவில் பேர் மாற்ற அலைய வேண்டுமே என்று வீட்டுக்காரர் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருக்கிறார்; அதனால் ரசீதும் அம்மா பேரிலேயே வந்திருக்கிறது. அம்மாவின் சொத்துக்கு மகள்தான் வாரிசு, கரம் கட்டினதால் யாரும் உடைமைக்காரர் ஆகிவிட முடியாது என்று தீர்ப்பு வந்தது. நான் கேட்டது ஒரு கரம். கர்த்தர் காட்டியது இன்னொரு கரம், அதுவும் பறிக்க வந்தவர் பையிலிருந்தே.

விவாகரத்தும் ஆகிவிட்டது. விளை நின்றது, வீட்டுக்காரர் நிற்கவில்லை. ஸ்தோத்திரம் சொல்லுகிறேன், அது முழுக்க சந்தோஷத்தால் இல்லை. ஆனாலும் என்னைத் தெருவில் விடாதவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

நீங்களும் அவரை நம்புங்கள். முழங்காலில் நின்று கேளுங்கள். எழுந்ததும் நேராக வில்லேஜ் ஆபீசுக்குப் போய் உங்கள் கரத்தை நீங்களே கட்டுங்கள். இந்த வருஷ ரசீதில் என் பேர் இருக்கிறது.